ஒரு மேசை விளக்கும் இரண்டு நிறக் கோடுகளும்

எங்கள் தலைமுறையில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களிடம் த்ரெஃபுஸ் வழக்கு என்று சொன்னால் உடனே எமில் ஸோலாவின் பெயரைச் சொல்வார்கள். 1898 ஜனவரி 13 அன்று 'லோரோர்' பத்திரிகையின் முதல் பக்கத்தில், குடியரசுத் தலைவருக்கு அவர் எழுதிய 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்ற பகிரங்கக் கடிதம் வெளிவந்தது. வகுப்பில் அதைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆசிரியரின் குரல் தானாகவே உயர்ந்துவிடும். அந்தக் கடிதம் பிரான்சை இரண்டாகப் பிளந்தது உண்மைதான். ஆனால் ராணுவம் தன் கடைசித் துருப்புச்சீட்டாக வைத்திருந்த சான்று உடைந்தது அதற்கு ஏழு மாதம் கழித்து. அதை உடைத்தவர் ஒரு கேப்டன். அவரிடம் இருந்த ஆயுதம் ஒரு மேசை விளக்கு.

காலமெல்லாம் அரசாங்கக் காகிதங்களோடு குப்பை கொட்டியவன் நான். அதனாலோ என்னவோ, வயதாக ஆக எனக்கு ஸோலாவின் கடிதத்தைவிட அந்த விளக்குதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அந்தக் கதையை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வழக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஆல்ஃபிரெட் த்ரெஃபுஸ் 1859-இல் அல்ஸாஸ் பகுதியின் முலூஸ் நகரில் பிறந்தவர். யூதர். பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிப் படைக் கேப்டன். பாரிஸில் தலைமைப் படை அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தார். 1894 செப்டம்பர் கடைசியில் பிரெஞ்சு உளவுப் பிரிவின் கைக்கு ஒரு கடிதம் வந்தது. ஜெர்மன் தூதரகத்தில் பெருக்கித் துடைக்கும் ஒரு பெண்மணி அங்குள்ள குப்பைக் கூடைக் காகிதங்களைத் திரட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். இதற்கு உளவுப் பிரிவு வைத்திருந்த பெயர் 'சாதாரண வழி'. நம் அலுவலகங்களில் 'தக்க வழியாக' என்று எழுதுவோமே, அப்படி! ஜெர்மன் ராணுவ அதிகாரி ஷ்வார்ட்ஸ்கோப்பனுக்கு யாரோ எழுதிய அந்தக் கடிதம் கிழிந்த துண்டுகளாக வந்து சேர்ந்தது. ஐந்து ராணுவ ஆவணங்களை அனுப்புவதாக அதில் எழுதியிருந்தது. பட்டியல் வடிவத்தில் இருந்ததால் அதற்கு 'பொர்துரோ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதுச்சேரியில் பழைய அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கோப்போடு வைத்து அனுப்பும் இணைப்புப் பட்டியல்தான் பொர்துரோ. ஒரு பொர்துரோ ஒரு மனிதனைத் தீவாந்தரத்துக்கு அனுப்பியது.

எழுதியவன் யார் என்று தேடினார்கள். த்ரெஃபுஸின் கையெழுத்து கொஞ்சம் ஒத்துப்போவதாக யாருக்கோ தோன்றியது. அவர் யூதர் என்பதும் அந்தத் தோற்றத்துக்குக் கைகொடுத்தது. பிரெஞ்சு மத்திய வங்கியின் கையெழுத்து நிபுணர் கொபேர் என்பவரிடம் கொடுத்தார்கள். வேறு ஒருவர் எழுதியதாகவும் இருக்கலாம் என்றார் அவர். அந்தப் பதில் பிடிக்கவில்லை. அடுத்து அல்ஃபோன்ஸ் பெர்த்திய்யோனிடம் போனார்கள். அவர் சாதாரண ஆள் இல்லை. குற்றவாளிகளின் உடலை அளந்து அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றவர். பாரிஸ் காவல் துறையின் அடையாளப் பிரிவுக்குத் தலைவர். அன்றைய பிரான்சில் அவரிடம் இருந்த அளவுக்கு நல்ல புகைப்படக் கருவிகள் வேறு எந்தக் காவல் அலுவலகத்திலும் இருந்திருக்காது. ஆனால் கையெழுத்து ஆய்வு அவர் தொழில் இல்லை. எழுதியது த்ரெஃபுஸ்தான் என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு மூன்று நிபுணர்களை வைத்தார்கள். இருவர் ஆம் என்றார்கள், ஒருவர் இல்லை என்றார்.

1894 டிசம்பர் 22 அன்று ஏழு ராணுவ நீதிபதிகளும் ஒருமனதாகக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். தீர்ப்புக்கு முன் ஒரு ரகசியக் கோப்பு நீதிபதிகளிடம் தரப்பட்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. 1895 ஜனவரி 5 அன்று ராணுவப் பள்ளி முற்றத்தில், எல்லோர் முன்னிலையிலும் அவருடைய பட்டைகளைப் பிய்த்து, வாளை முறித்துப் போட்டார்கள். தென் அமெரிக்கக் கரையோரம், பிரெஞ்சு கயானாவைச் சேர்ந்த பேய்த் தீவில் தனிமைச் சிறை.

பொர்துரோ எழுதப்பட்டிருந்தது வெங்காயச் சருகு போன்ற மெல்லிய கட்டம் போட்ட தாளில். ஒரு பக்கத்தில் எழுதினால் மறு பக்கத்தில் தெரியும். த்ரெஃபுஸின் வீட்டைச் சோதனை போட்டதில் அப்படி ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. எல்லோருடைய கண்ணும் எழுத்தின் சுழியிலும் கொக்கியிலும்தான் இருந்தது. எழுத்தைத் தாங்கியிருந்த தாளைக் கவனிக்க ஆள் இல்லை. இந்த வழக்கு முழுவதும் இந்தக் குறை தொடர்ந்து வரும்.

இனிப் புகைப்படத்தின் பங்குக்கு வருவோம். 1896 நவம்பர் 10 அன்று 'லெ மத்தேன்' நாளிதழ் பொர்துரோவின் புகைப்படப் படியை அப்படியே அச்சிட்டது. த்ரெஃபுஸின் குற்றத்தை ஊர் அறியட்டும் என்ற எண்ணத்தில் போட்டதுதான். நடந்தது வேறு. அதுவரை ரகசிய அறையில் இருந்த கையெழுத்தை இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். த்ரெஃபுஸின் அண்ணன் மத்தியே அந்தப் படியைத் தனியாக அச்சடித்துப் பரப்பினார். 1897 நவம்பரில் ஒரு பங்குத் தரகர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். தன்னிடம் கணக்கு வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் கையெழுத்து அது. பெயர் எஸ்தெராஸி. ராணுவத்தில் மேஜர். சூதாட்டம், கடன், கேளிக்கை என்று வாழ்ந்தவர்.

உளவுப் பிரிவின் புதிய தலைவர் கர்னல் பிக்கார் இதே உண்மையை ஓர் ஆண்டுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார். 1896-இல் அதே ஜெர்மன் தூதரகக் குப்பையிலிருந்து எஸ்தெராஸிக்கு முகவரி இட்ட, கிழித்துப் போடப்பட்ட ஒரு நீல அஞ்சல் தாள் வந்தது. 'பெத்தி ப்ளே', அதாவது 'சின்ன நீலம்' என்பார்கள். பாரிஸில் குழாய் வழியாகக் காற்றழுத்தத்தில் அனுப்பிய அவசரத் தபால் அது. பிக்கார் எஸ்தெராஸியின் கடிதங்களை வரவழைத்துப் பொர்துரோவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. மேலதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் வாயை மூடு என்றார்கள். மூடவில்லை. அவரைப் பாரிஸிலிருந்து அப்புறப்படுத்திக் கடைசியில் துனீசியாவுக்கே அனுப்பிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் உளவுப் பிரிவில் பிக்காருக்குக் கீழே இருந்த மேஜர் ஆன்ரி ஒரு காரியம் செய்தார். பழைய தீர்ப்பு ஆட்டம் காண்கிறது, அதற்கு ஒரு முட்டு வேண்டும். இத்தாலியத் தூதரக ராணுவ அதிகாரி பனிட்சார்தி, தன் ஜெர்மன் நண்பர் ஷ்வார்ட்ஸ்கோப்பனுக்கு நீலப் பென்சிலால் கட்டம் போட்ட தாளில் எழுதிய உண்மையான கடிதங்கள் ஆன்ரியிடம் இருந்தன. குப்பையில் கிழிந்து வந்தவைதான். ஒரு கடிதத்தின் தலைப்பையும் கையொப்பத்தையும் எடுத்துக்கொண்டார். நடுவில் எழுதாத துண்டுகளில் தானே பனிட்சார்தியின் கையைப் போலப் புதிதாக எழுதினார். த்ரெஃபுஸ் என்ற பெயரை அதில் முழுசாகப் போட்டார். அந்த யூதனோடு நமக்குத் தொடர்பு இருந்ததாக யாரிடமும் சொல்லிவிடாதே என்ற பொருளில் வாசகம். பிறகு எல்லாவற்றையும் பசைத்தாளால் ஒட்டினார். கிழிந்து வரும் காகிதங்களை ஒட்டுவது அந்த அலுவலகத்தில் தினப்படி வேலை. ஒட்டுப்போட்ட கடிதத்தைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். மோசடிக்கு அதைவிடத் தோதான இடம் ஏது?

அந்தக் கடிதம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தளபதிகளின் கைகளில் சுற்றியது. எல்லோரும் வாசித்தார்கள். 1898 ஜூலை 7 அன்று போர் அமைச்சர் கவேஞாக் நாடாளுமன்றத்தில் அதை உரக்கப் படித்துக் காட்டினார். ஒரு எதிர்ப்பு வாக்கும் இல்லாமல், அவருடைய பேச்சை அச்சிட்டு நாட்டின் எல்லாக் கொம்யூன்களிலும் சுவரில் ஒட்ட முடிவானது. அந்தச் சுவரொட்டிகளில் இருந்த கடிதம் போலி என்று பிக்கார் பிரதமருக்கு எழுதினார். அவரைச் சிறையில் அடைத்தார்கள். ழான் ஜொரேஸ் என்ற சோஷலிஸ்ட் தலைவர், இத்தாலிய அதிகாரி இவ்வளவு கொச்சையான பிரெஞ்சில் எழுதுவாரா, இவ்வளவு வசதியாக எல்லாவற்றையும் சொல்லி வைப்பாரா என்று வாதாடினார். அருமையான வாதம். ஆனால் வாதத்துக்கு எதிர்வாதம் உண்டு. நம்ப விரும்பாதவனை வாதம் என்ன செய்யும்?

கவேஞாக் ஒரு விதத்தில் ஒழுங்கான மனிதர். த்ரெஃபுஸ் குற்றவாளி என்று மனதார நம்பியவர். அந்த வாயை நிரந்தரமாக அடைத்துவிட வேண்டும் என்று, வழக்குக் காகிதங்கள் முழுவதையும் வரிசைப்படுத்தி அட்டவணை போடச் சொன்னார். அந்த வேலை கேப்டன் குய்ஞேயிடம் வந்தது. அவரும் த்ரெஃபுஸ் குற்றவாளி என்று நம்பியவர்தான். இதைக் கவனத்தில் வையுங்கள்.

கோப்பு அடுக்குவது எவ்வளவு அலுப்பான வேலை என்று என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தாளாக எடுக்க வேண்டும், எண் போட வேண்டும், என்ன தாள் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த அலுப்பில் ஒரு நன்மை உண்டு. வாசகத்தை ஏற்கெனவே படித்துச் சலித்துவிட்டதால் கண் தாளின் மேல் போகும். 1898 ஆகஸ்ட் 13, இரவு. ஆன்ரியின் கடிதத்தை விளக்கருகே வைத்துப் பார்த்த குய்ஞே ஒன்றைக் கண்டார். தாளில் அச்சிட்டிருந்த கட்டக் கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில் இல்லை. தலைப்பும் கையொப்பமும் இருந்த துண்டுகளில் ஒரு நிறம், நடுவில் வாசகம் இருந்த துண்டுகளில் வேறு நிறம். ஒன்று நீலம் கலந்த சாம்பல். மற்றது திராட்சை மதுவின் கறை போன்ற கருஞ்சிவப்பு. ஒரே தாளைக் கிழித்து ஒட்டியிருந்தால் இப்படி வராது.

பக்கத்தில் ஒப்பீட்டுக்காக ஆன்ரி வைத்திருந்த, பனிட்சார்தி எழுதிய இன்னொரு கடிதம் இருந்தது. அதையும் விளக்கில் பிடித்தார். அதில் அப்படியே தலைகீழ். இதில் இருக்க வேண்டிய நிறம் அதில், அதில் இருக்க வேண்டிய நிறம் இதில். இரண்டு கடிதங்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று மாறியிருந்தன. ஆன்ரி ஒட்டும்போது கோடுகளைப் பொருத்தினார், நிறத்தைப் பொருத்தவில்லை.

இரண்டு வருடம் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்கலாம். மெல்லிய கோடுகள், மங்கலான நிறங்கள், மேலே பசைத்தாள், நீலப் பென்சில் எழுத்து. பகல் வெளிச்சத்தில் அந்த இரண்டு நிறங்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். விளக்கின் வெளிச்சம் வேறு. அதில் சிவப்பும் மஞ்சளும் அதிகம், நீலம் குறைவு. சிவப்புக் கலந்த கோடு அதில் துலங்கும், நீலக் கோடு கறுத்துப்போகும். இது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஜவுளிக்கடையில் புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்தும்போது, கடை விளக்கில் ஒத்துப்போனாலும் விட மாட்டார்கள். வாசல் வெயிலுக்கு எடுத்து வந்து பார்ப்பார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். கள்ளப் பத்திரங்களைக் கண்டுபிடிக்க இன்று லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் கருவிகளின் அடிப்படையே இதுதான்.

குய்ஞேக்கு முன் இப்போது இரண்டு வழிகள் இருந்தன. பார்த்ததை மறந்து, தாளுக்கு எண் போட்டுக் கட்டி வைத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் தன் மேலதிகாரி ஜெனரல் ரொஜேயிடம் போனார். பிறகு அமைச்சரிடம். அவர்களுக்கும் விளக்கொளியில் காட்டினார். அவர்களும் கண்டார்கள். ஆகஸ்ட் 30 அன்று கவேஞாக், தளபதிகளை உடன் வைத்துக்கொண்டு ஆன்ரியைத் தானே விசாரித்தார். ஆன்ரி முதலில் சத்தியம் செய்தார். பிறகு ஓரிரு வாக்கியங்களை மட்டும் சரிசெய்ததாகச் சொன்னார். கோடுகளின் நிறம் எப்படி மாறியது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். மோன் வலேரியன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். மறுநாள் சவரக் கத்தியால் கழுத்து அறுபட்டுப் பிணமாகக் கிடந்தார். தலைமைத் தளபதி பதவி விலகினார். எஸ்தெராஸி இங்கிலாந்துக்கு ஓடிவிட்டார். சில நாளில் கவேஞாக்கும் விலகினார். ஸோலாவின் கடிதத்தாலும் திறக்காத கதவு இந்தக் கோடுகளால் திறந்தது.

ஒரு தடவை தாளைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு மற்றவையும் வெளியே வந்தன. உச்ச நீதிமன்ற விசாரணையில், எஸ்தெராஸி எழுதிய இரண்டு பழைய கடிதங்கள் கிடைத்தன. ஒன்று 1892 ஏப்ரல் 17, மற்றது 1894 ஆகஸ்ட் 17. இரண்டும் பொர்துரோவைப் போன்ற அதே மெல்லிய கட்டத் தாள். காகித வியாபாரம் தெரிந்த நிபுணர்கள் அசல்களை அருகருகே வைத்து ஆராய்ந்து அதை உறுதி செய்தார்கள். த்ரெஃபுஸின் வீட்டில் தேடிக் கிடைக்காத தாள், ஆள் மாறி இங்கே கிடைத்தது.

அந்த நீல அஞ்சல் தாளின் கதையும் உண்டு. பிக்கார்தான் அதைப் போலியாகத் தயாரித்தார் என்று அவர் மேல் ஒரு குற்றச்சாட்டு வைத்தார்கள். அதற்குச் சான்றாக, எஸ்தெராஸி என்ற பெயர் சுரண்டப்பட்டு மறுபடி எழுதப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். சுரண்டல் இருந்தது உண்மை. ஆனால் 1896-இல் அந்தத் தாள் வந்தபோது எடுத்த புகைப்படங்கள் இருந்தன. அவற்றில் சுரண்டலின் தடயமே இல்லை. அப்படியென்றால் பிக்கார் கையை விட்டுப் போன பிறகு, அவரை மாட்டிவிடுவதற்காக யாரோ சுரண்டி, அதே பெயரை அதன் மேலேயே எழுதியிருக்கிறார்கள். இங்கே புகைப்படம் காப்பாற்றியது.

ஆனால் புகைப்படம் ஏமாற்றவும் செய்யும். அதற்குப் பெர்த்திய்யோனே சாட்சி. 1899-இல் ரென் நகரில் நடந்த மறுவிசாரணையில் அவர் பெரிதாக்கிய புகைப்படங்களையும் வரைபடங்களையும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து நிறுத்தினார். த்ரெஃபுஸ் தன் கையெழுத்தையே தான் போலிசெய்து, மாட்டிக்கொண்டால் யாரோ என்னைப் போல் எழுதிவிட்டார்கள் என்று சொல்லத் திட்டமிட்டார் என்பது அவர் கோட்பாடு. கையெழுத்து ஒத்துப்போனால் த்ரெஃபுஸ் எழுதியது. ஒத்துப்போகாவிட்டால் த்ரெஃபுஸ் மாற்றி எழுதியது. எப்படிப் போட்டாலும் தலைதான் விழும். ரென் நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் மறுபடியும் குற்றவாளி என்றது. பத்து நாளில் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு!

பெர்த்திய்யோனின் கணக்கை 1904-இல் மூன்று பெரிய கணித மேதைகளிடம் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது. தர்பூ, அப்பெல், ஆன்ரி புவான்கரே. பாரிஸ் வானியல் கூடத்தில், வானத்தைப் படம் பிடித்த தகடுகளில் நட்சத்திரங்களின் இடத்தை அளக்கும் நுண்கருவியைக் கொண்டு பொர்துரோவை அளக்க வைத்தார்கள். நட்சத்திரத்தை அளக்கும் கருவி குப்பைக் கூடைக் காகிதத்தை அளந்தது! பெர்த்திய்யோனின் எண்களோடு அந்த அளவுகள் ஒத்துப்போகவில்லை. காரணம் எளிது. கிழிந்து ஒட்டிய தாளின் புகைப்படத்தை வெட்டி, திருத்தி, ஒட்டி, தானே சீராக்கிய ஒரு படியை வைத்துத்தான் அவர் அளந்திருந்தார். தன் கையால் செய்த படியில் தன் மனதில் இருந்ததையே கண்டார். அவருடைய நிகழ்தகவுக் கணக்கும் தவறு என்று மூவரும் எழுதினார்கள். 1906 ஜூலை 12 அன்று நீதிமன்றம் ரென் தீர்ப்பை ரத்து செய்தது. த்ரெஃபுஸ் மேஜராக ராணுவத்துக்குத் திரும்பினார். ராணுவப் பள்ளியிலேயே, பட்டைகளைப் பிய்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கு விருது அணிவித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள்.

இன்றைய ஆய்வகங்கள் செய்வதெல்லாம் குய்ஞேயின் விளக்கை விரிவாக்கியதுதான். வெளிச்சத்தின் வகையை மாற்றி மாற்றித் தாளைப் பார்க்கிறார்கள். அகச்சிவப்பு ஒளியில் கேமரா வைத்துப் பார்த்தால், கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் இரண்டு மைகளில் ஒன்று மறைந்துபோய் மற்றது மட்டும் நிற்கும். 1,000 என்பதை 11,000 ஆக்க ஒருவன் வேறு பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தால் அந்தக் கோடு தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும். மேலே அடித்து மறைத்த எழுத்தும் சில சமயம் இப்படி வெளிவரும். புற ஊதா ஒளியில், வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்த தாள் பளீரென்று நீலமாக மின்னும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காகிதத்தில் அந்த ரசாயனத்தைச் சேர்க்கும் வழக்கம் பரவியது. 1930-இல் எழுதியதாகச் சொல்லும் உயில் அந்த விளக்கில் மின்னினால், சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியது தாள்தான். வங்கிக் கவுண்டரில் ரூபாய் நோட்டை ஊதா விளக்கில் காட்டுவதும் இதே வித்தையின் இன்னொரு பக்கம்.

பின்னாலிருந்து வெளிச்சம் விட்டால் நீரோட்டக் குறியும், சுரண்டி மெலிந்த இடமும் தெரியும். பக்கவாட்டில் சாய்த்து விட்டால் மேல் தாளில் அழுத்தி எழுதியது கீழ்த் தாளில் விட்ட பள்ளம் தெரியும். இதற்குக் கருவிகூட வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அலுவலகத்தில் ஓய்வுக்குக் காத்திருந்த ஒரு பெரிய குமாஸ்தா இருந்தார். பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியைச் சரிபார்க்கும்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். பக்கத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, வெயில் சாய்வாக விழும்படி பிடிப்பார். பிளேடால் சுரண்டிய இடத்தில் தாளின் நார் எழும்பி நின்று நிழல் விழும். "தம்பி, எண்ணைப் படிக்காதே, தாளைத் தடவிப் பார்" என்பார். அவர் த்ரெஃபுஸைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். குய்ஞேயின் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. எல்லாமே ஸ்கேன், எல்லாமே ஜெராக்ஸ் என்று ஆகிவிட்டது. வசதிதான், நானும் அனுபவிக்கிறேன். ஆனால் படியில் வாசகம் மட்டும்தான் வரும். தாளின் கனமும் மையின் குணமும் சுரண்டிய நாரும் வராது. 'லெ மத்தேன்' அச்சிட்ட படியிலிருந்து கையெழுத்தை அடையாளம் காண முடிந்தது, ஏனென்றால் எழுத்தின் வடிவம் படியிலும் இருக்கும். ஆன்ரியின் கடிதத்தைக் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து அதை மட்டும் கோப்பில் வைத்திருந்தால், குய்ஞே ஆயிரம் விளக்கு ஏற்றியிருந்தாலும் அந்த இரண்டு நிறங்களைப் பார்த்திருக்க முடியாது. த்ரெஃபுஸ் பேய்த் தீவிலேயே செத்திருப்பார்.

ஆகவே பழைய பத்திரம், உயில், பிறப்புச் சான்று வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். அசலை லேமினேட் செய்யாதீர்கள். கிழிந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். ஒரு சந்தேகம் என்று வரும் நாளில் ஆய்வுக்கு அவை இரண்டும் பெரிய இடைஞ்சல். ஒரு சுத்தமான காகித உறையில் மடிக்காமல் வையுங்கள். ஜெராக்ஸை ஊருக்குக் கொடுங்கள், அசலைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாகக் குய்ஞேயைப் பற்றி. கோடுகளைக் கண்டுபிடித்த பிறகும் த்ரெஃபுஸ் குற்றவாளி என்றே அவர் நம்பினார். ஆன்ரி ஒரு போலிக் கடிதம் செய்தார், அதனால் த்ரெஃபுஸ் நிரபராதி ஆகிவிட மாட்டார் என்பது அவர் கட்சி. பின்னாளில் எதிர் முகாமின் தீவிர ஆட்களோடுதான் சேர்ந்திருந்தார். அவருடைய அரசியலை நான் மெச்சவில்லை. ஆனாலும் அந்த ஆகஸ்ட் இரவில் தன் கண் கண்டதை, தன் நம்பிக்கைக்கு எதிராக, மறைக்காமல் மேலே எழுதிக் கொடுத்தார். பெர்த்திய்யோனிடம் பிரான்சின் சிறந்த கேமராக்கள் இருந்தன. குய்ஞேயிடம் ஒரு விளக்குதான் இருந்தது.